போனெட்டில் ஓர் எண், பிளேட்டில் வேறோர் எண்

லண்டனின் பழைய ரூட்மாஸ்டர் மாடி பஸ் ஒன்றைப் பார்க்க வாய்த்தால், முதலில் போனெட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். தங்க நிறத்தில் பஸ்ஸின் வரிசை எண் ஆர்.எம். 1414 என்று எழுதியிருந்தால், நம்பர் பிளேட்டில் 414 சி.எல்.டி. என்று இருக்க வேண்டும். அதிலுள்ள எல்.டி. லண்டனுக்கு ஒதுக்கிய எழுத்துகள். இரண்டு எண்ணும் பொருந்தி நிற்கும் பஸ்ஸைப் பார்ப்பதே தனி சந்தோஷம். பல பஸ்களில் அவை பொருந்துவதில்லை.

பிரிட்டனில் ஒரு வண்டியின் எண்ணைக் கழற்றி இன்னொரு வண்டிக்கு மாற்றச் சட்டம் இடம் தருகிறது. 1963இல்தான் அங்கே பதிவெண்ணில் வருடத்தைக் காட்டும் எழுத்து வந்தது. அதற்கு முந்தைய எண்களில் வயது தெரியாது. அதனால் கார்க்காரர்கள் பெரும் பணம் கொடுத்து அவற்றை வாங்குகிறார்கள். பஸ் கம்பெனிகளும் வயது வெளியே தெரியாமலிருக்கத் தங்கள் சொகுசு பஸ்களுக்கு அவற்றை மாட்டின. வண்டியை அதன் வயதைவிடப் புதிதாகக் காட்டும் எண்ணுக்குத்தான் தடை.

சரி, எண்ணை இழந்த பஸ்ஸுக்கு என்ன கிடைக்கும்? அதன் வயதுக்கு ஒத்த வேறோர் எண். ஸ்காட்லாந்தின் கின்ராஸ் போன்ற சின்னஞ்சிறு மாவட்டங்களில் வண்டிகள் குறைவு. அவற்றுக்கு ஒதுக்கிய எண்கள் தீராமலே கிடந்தன. அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். லண்டன் தெருக்களிலேயே வாழ்ந்த பஸ், கின்ராஸின் எஸ்.வி. எழுத்துகளைச் சுமந்து நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனால் பழைய எண்ணே இருந்தாலும் அது அதே பஸ்தானா? 1986இல் மூடப்பட்ட, லண்டன் பஸ்களுக்கான ஆல்டன்ஹாம் பணிமனையில், முழுப் பராமரிப்புக்கு வரும் பஸ்ஸின் உடலையும், என்ஜினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டங்களையும் தனித்தனியாகப் பிரிப்பார்கள். வேலை முடிய வாரக்கணக்காகும். அதுவரை சாலை வரி வீணாகக் கூடாதே! அதனால் உள்ளே வந்த பஸ்ஸின் எண்ணை, ஏற்கெனவே தயாராகி நிற்கும் வேறொரு பஸ்ஸில் மாட்டி அனுப்பிவிடுவார்கள். பிரித்த உடல் அப்புறம் வேறு அடிச்சட்டங்களில், வேறோர் எண்ணோடு வெளியே போகும்.

அப்படியும், மூல எண்ணைத் திரும்பப் பெறப் பழைய பஸ் ஆர்வலர்கள் விடாமல் முயல்கிறார்கள். விற்றுவிட்ட எண் என்றால் இப்போதைய சொந்தக்காரரிடம் விலைக்குத்தான் வாங்க வேண்டும். பதிவேடுகள் கணினிக்கு மாறிய காலத்தில் பதியாமல் விடுபட்டுப்போன எண் என்றால், பழைய ஆவணங்களைக் காட்டி மீட்கலாம். அப்படி மீட்ட எண்ணை மறுபடி வேறு வண்டிக்கு மாற்ற முடியாது.