தண்டையார்பேட்டையில் மைனஸ் ஒரு டிகிரி

தண்டையார்பேட்டையில் ஒரு சிறு அலுவலகத்தின் சர்வர் அறையைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் ஒரு படம் அனுப்பியிருந்தார். மே மாதப் பிற்பகல், ஏ.சி. நின்று அரை மணி நேரம். சர்வருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை என்று திரை காட்டியது: −1 டிகிரி. “இதை நம்பலாமா, சார்?”

மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாத ஊர் நம்முடையது. நம்ப வேண்டாம். ஆனால் ஏன் சரியாக −1? அங்கேதான் சுவை இருக்கிறது.

சர்வருக்குள் பி.எம்.சி. என்ற குட்டிக் கணினி ஒன்று உண்டு. சர்வரை அணைத்தாலும் அது விழித்திருக்கும். பல சென்சார்களிடம் அது பேசுவது ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு கம்பிகள் வழியாக. 1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த முறை. இந்தக் கம்பிகளுக்கும் பஸ் என்றுதான் பெயர். பழைய பஸ்களில் கண்டக்டர் இழுத்த மணிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் கீழே இழுக்கலாம்; விட்டால் தானாக மேலே போய்விடும். இங்கே கயிற்றை மேலே பிடித்திருப்பது 3.3 வோல்ட்டோடு கட்டிய ஒரு மின்தடை. சில்லு இழுத்தால் 0, சும்மா இருந்தால் 1. இருவர் ஒரே நேரத்தில் இழுத்தாலும் சண்டை இல்லை, ஷார்ட் சர்க்யூட் இல்லை. எவ்வளவு அழகான சிக்கனம்!

விலையும் உண்டு. 1 சொல்லும் சில்லும் செத்துப்போன சில்லும் பார்வைக்கு ஒன்றே. ஒரு துடிப்புக்கு ஒரு 0 அல்லது 1 என்பது கணக்கு. யாருமே இழுக்காத எட்டுத் துடிப்புகள் 11111111 ஆகின்றன. அதோடு ஒன்றைக் கூட்டினால், பைக் மீட்டர் 99999-இலிருந்து உருள்வதுபோல, எட்டும் சுழியாகிவிடும். ஒன்றைக் கூட்டினால் சுழியாவது எது? −1. கழித்தல் குறிக்கே இடமில்லாத எண்ணாகப் படித்தால் 255. நம் வாசகர் பார்த்தது குளிரை அல்ல, மௌனத்தை.

முறையை வகுத்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. பி.எம்.சி. பெயர் சொல்லி அழைத்ததும் ஒன்பதாவது துடிப்பில் சென்சார் ஒருமுறை கயிற்றை இழுத்து ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். சர்வரைக் கண்காணிக்க 1998-இல் வந்த ஐ.பி.எம்.ஐ. முறையிலோ, எண்ணோடு ‘இந்த எண் செல்லாது’ என்று சொல்லத் தனி பிட்டே இருக்கிறது. அவசரத்தில் எழுதிய நிரல்கள் இரண்டையும் பார்க்காமல் எண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு போகின்றன. என் கோபம் சென்சார் மீதல்ல, இவற்றின் மீதுதான்.

−1 எளிதில் பிடிபடும் பொய். நாள் முழுக்க 31-இலேயே நிற்கும் சென்சார்தான் கள்ளன். சர்வருக்கு வேலையை ஏற்றுங்கள். பிராசஸரின் வெப்பம் அசையாவிட்டால் சந்தேகப்படுங்கள். காற்றால் குளிரும் பிராசஸர், உள்ளே வரும் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதாகச் சொன்னாலும் அப்படியே.

அந்த ரேக்கில் யாரோ எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது படத்தில் தெரிந்தது. பழத்தோடு எனக்குப் பகையில்லை. ஆனால் அமிலச் சாறு மின்பலகைக்கு மேலே தொங்க வேண்டாம். கடலோர உப்புக்காற்று இணைப்புகளை அரிப்பதே போதும். சர்வரை அணைத்து, சென்சாரின் கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொன்னேன்.

மறுநாள் பதில் வந்தது: “இப்போது 41 காட்டுகிறது, சார். ஏ.சி. மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன்.”