‘கொடுத்தேனா?’

குழந்தை பிறந்து ஏழு வாரம். கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் என் மேஜைமேல் ஒரு சின்ன நோட்டை விரித்தார். பால் கொடுத்த நேரங்களின் கணக்கு. இரவு 2.10 என்று ஒரு வரி. அதன் கீழே மறுபடியும் 2.10, பக்கத்தில் ‘கொடுத்தேனா?’

“டாக்டர், என் மூளைக்கு ஏதோ ஆயிடுச்சு. ஸ்கேன் எடுக்கணுமா?”

அழுகை பற்றியோ சோர்வு பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. “தூக்கமில்லை, வேறென்ன?” என்றார் அம்மா. பாதி சரிதான். தூக்கம் கெட்டால் யாருக்கும் கவனம் சிதறும். அதனால் இப்படிக் கேட்டேன்: “குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?” “இல்லை. கண்ணை மூடினா மனசு ஓடிக்கிட்டே இருக்கு.” அப்போதுதான் இது மனச்சோர்வாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வலுத்தது.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் வைத்திருக்கிறோம், 1987-இல் வந்தது. நல்ல கருவி. ஆனால் அதில் மறதி பற்றி ஒரு கேள்வியும் இல்லை! மனச்சோர்வு கவனத்தையும் முடிவெடுக்கும் திறனையும் தின்னும். கவனத்தில் பதியாதது நினைவில் எப்படி நிற்கும்?

மூளை மாறுவது என்னவோ உண்மை. முதல் குழந்தை பெற்ற பெண்களின் மூளையில் சில இடங்களில் சாம்பல் நிறப் பொருள், அதாவது நரம்பு செல்கள் நிறைந்த திசு, குறைந்திருந்ததை 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. படித்ததும் பயம் வரும். ஆனால் அதே பெண்களின் நினைவாற்றல் குறையவில்லை. மாற்றம் அதிகமிருந்தவர்களிடம் குழந்தைமீதான ஒட்டுதலும் அதிகமிருந்தது. ஆக, இதைச் சேதம் என்று நினைக்க வேண்டியதில்லை.

பிரசவமான சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் மளமளவென்று இறங்கும். அந்த நாட்களின் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதைத் தாண்டினால் காத்திருக்காதீர்கள். இல்லாத குரல் கேட்பது, தலைகால் புரியாத குழப்பம், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, அவருக்கு என்ன செய்தோம்? ஸ்கேன் எடுக்கவில்லை. தைராய்டும் ரத்தசோகையும் இதே முகமூடி போட்டு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை. இரண்டும் சரியாக இருந்தன. மனசைப் பேசித் தேற்றும் உளவியல் சிகிச்சை, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. அப்புறம், இரவில் ஐந்து மணி நேரமாவது தொடர்ந்து தூங்க விடும்படி வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

மூன்றாவது முறை வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மறதி இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார். அது அப்படித்தான், மனசு தேறிய பிறகும் கவனம் சற்றுப் பின்தங்கியே வரும். நோட்டைப் புரட்டினேன். இரவு 2.10-க்கு எதிரே கணவரின் கையெழுத்து.