திருத்தாமல் படிக்க ஒரு ஆள்

அந்தப் பையனுக்கு அப்போது 14 வயது. ஆங்கிலத் தேர்வுத் தாளில் தன் பெயரை எழுதினான். மீதி நேரம் முழுக்க மேசை ஓரத்தைப் பேனா முனையால் குடைந்துகொண்டிருந்தான். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "மோ பா கபாவ், மிஸ்" என்றான். கிரியோலில் 'என்னால முடியாது' என்று அர்த்தம். அதில் கோபமும் தெரியவில்லை, வெட்கமும் தெரியவில்லை. வீட்டு முகவரியைக் கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னான். அதுதான் எனக்கு வலித்தது.

நான் மொரீஷியஸில் ஒரு இடைநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். சில ஆண்டுகள் எக்ஸ்டெண்டெட் புரோகிராம் வகுப்புக்கும் பொறுப்பாக இருந்தேன். தீவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே 6ஆம் வகுப்பு முடிவில் பி.எஸ்.ஏ.சி. என்ற தேசியத் தேர்வு உண்டு. அதில் தேறாத பிள்ளைகளுக்காக 2018இல் இந்தத் திட்டம் வந்தது. மற்றவர்கள் மூன்று ஆண்டுகளில் முடிக்கும் 7, 8, 9ஆம் வகுப்புகளை இவர்கள் நான்கு ஆண்டுகளில் படிக்க வேண்டியிருந்தது. கடைசியில் எழுதியது 9ஆம் வகுப்பு முடிவில் எல்லாரும் எழுதும் அதே என்.சி.இ. தேர்வைத்தான். 11 வயதிலேயே 'நீ தேறவில்லை' என்று கேட்டுவிட்ட பிள்ளைக்கு, அந்தக் கூடுதல் வருடம் சலுகையாகத் தெரியவில்லை. பள்ளி முழுக்கத் தன்னை அடையாளம் காட்டும் முத்திரையாகத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பாடப்புத்தகம் ஆங்கிலம். செய்தித்தாளும் டிவியும் பெரும்பாலும் பிரெஞ்சு. எங்கள் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கோவிலிலும் என் வகுப்பிலும் தமிழ். கிரியோல் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக நுழைந்ததே 2012இல்தான். அம்மா திட்டும் மொழி, நண்பன் கிண்டல் செய்யும் மொழி, பயந்தால் வாயில் வரும் மொழி எதுவும் பல பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்குள் வந்ததே கிடையாது. நோட்டில் இருந்ததெல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதிய வரிகளும் அவற்றின் மேல் சிவப்பு மையும்தான். ஏழெட்டு வருடங்களாக இவர்கள் எழுதியதை எல்லாரும் திருத்தியிருக்கிறார்கள். ஒருவரும் படித்ததில்லை.

நான் செய்தது சிறிய வேலை. ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு. வாரத்தில் மூன்று நாள், காலை முதல் பத்து நிமிடம். எந்த மொழியிலும் எழுதலாம், கலந்தும் எழுதலாம், எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். மதிப்பெண் கிடையாது, சிவப்பு மை கிடையாது. நான் படிக்கக் கூடாது என்று நினைக்கும் பக்கத்தை உள்பக்கமாக மடித்துவிடலாம். மடித்ததை நான் பிரிக்க மாட்டேன். அந்தப் பத்து நிமிடமும் நானும் அவர்களோடு உட்கார்ந்து என் நோட்டில் எழுதுவேன். இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் சொன்னேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வாரம் என்ன வந்தது? கால்பந்து ஸ்கோர். இரண்டு கெட்ட வார்த்தைகள். ஒருவன் 25 ரூபாய் நோட்டை வைத்து அதில் அச்சிட்டிருக்கும் தமிழை அப்படியே படமாக வரைந்திருந்தான் (எங்கள் நாட்டு ரூபாய் நோட்டுகளில் தமிழ் உண்டு). ஒருத்தி, 'நேற்று தால் பூரி சாப்பிட்டேன்' என்ற ஒரே வரி. நான் பென்சிலால் அதன் கீழே எழுதினேன்: 'எந்தக் கடை? எத்தனை ஜோடி?' அடுத்த முறை ஐந்து வரி வந்தது. கடைக்காரர் ரூகாய் என்ற தக்காளிக் குழம்பும் மிளகாய் அரைத்ததும் ஊற்றுவதில் கஞ்சத்தனம் காட்டுவது பற்றி.

தேர்வில் கேள்வி கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். படிப்பவர் கேட்பது தெரிந்துகொள்ள. பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் நான் ஒவ்வொரு நோட்டிலும் எழுதுவது ஒரே ஒரு கேள்விதான், உண்மையாகவே எனக்குப் பதில் தெரியாத கேள்வி. 'அருமை', 'நன்று' எல்லாம் எழுதுவதில்லை. 24 பிள்ளைகள், ஒரு நாளைக்கு ஆறு நோட்டு என்று வைத்துக்கொண்டால் நான்கு நாளில் முடிந்துவிடும். நேரம் எங்கே என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்காக இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

இந்த வழியைக் கண்டுபிடித்தது நானில்லை. முதல் உலகப் போரில், 1917இல், நுரையீரலில் காயம்பட்ட செலஸ்தேன் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு இளைஞர் 1920இல் தெற்கு பிரான்ஸின் பார்-சுர்-லூ கிராமப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். நெடுநேரம் உரக்கப் பேசி வகுப்பெடுக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப்போனார். பார்த்ததை அவர்களே சொன்னார்கள், எழுதினார்கள். 1924இல் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தங்கள் எழுத்தைத் தாங்களே அச்சுக் கோத்து, பிரான்ஸின் இன்னொரு மூலையில், பிரிட்டனியில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அந்தப் பிள்ளைகள் எழுதியது வந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அச்சு இயந்திரம்கூட இல்லை. தபாலை எதிர்பார்த்து ஒரு வகுப்பு நிறைய பேர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்களே, அதுதான்.

மேசையைக் குடைந்த பையனுக்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. கொடியேற்றியதிலிருந்து பத்து நாள் விரதம். விடுமுறை முடிந்து வந்தவன் நான்கு வரி எழுதியிருந்தான். 'காவடி தூக்கினேன். நடந்தேன். பால் நல்லா இருந்தது. ஏழு கறி சாப்பிட்டேன்.' (ஏழு கறி என்பது காவடி முடிந்ததும் பரிமாறும் ஏழு மரக்கறிகள்.) காவடியின் இரு முனையிலும் கட்டிய செம்பில் இருக்கும் பால், வெயிலில் அத்தனை தூரம் நடந்து கோவிலுக்குப் போய்ச் சேரும்வரை திரியக் கூடாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. 'பால் நல்லா இருந்தது' என்ற மூன்று வார்த்தையில் எவ்வளவு பயம் அடங்கியிருக்கிறது என்று விரதம் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் கேட்டது: 'காவடியை எப்படிக் கட்டினாய்? எனக்குக் கட்டத் தெரியாது. சொல்லிக்கொடு.'

அடுத்த முறை ஒன்றரைப் பக்கம். மூங்கிலை எப்படிப் பிளப்பது, தென்னங்குருத்தை எந்தப் பக்கம் மடிப்பது, பூவை எப்போது கட்டினால் வாடாது. கிரியோலில், காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து. 'முருகன்' மட்டும் தமிழில். நடுவில் ஒரு வரி: 'மூங்கிலை வளைக்கும்போது எதிர்ப்பக்கம் ஒருத்தர் பிடிக்கணும், இல்லேன்னா துள்ளிடும்.' நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: 'போன வருஷம் யார் பிடித்தார்கள்?'

மூன்று முறை நோட்டு வெறுமையாக வந்தது. ஒரு பக்கம் மடித்திருந்தது. நான்காவது முறை மடிக்காத பக்கத்தில் இருந்தது: 'பப்பா. இப்போ உள்ளே இருக்கார்.'

செயற்கைப் போதைப்பொருள் இந்தத் தீவில் எத்தனை வீடுகளைக் கலைத்திருக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என் கை தானாக 'கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதிவிட்டது. பென்சில் என்பதால் அழிக்க முடிந்தது. சரியாகுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை ஒரு பிள்ளையிடம் சத்தியம்போல் சொல்லக் கூடாது. கடைசியில் எழுதினேன்: 'அப்படியானால் இந்த வருஷம் நீ தனியாகவா வளைத்தாய்? எப்படி?'

இரண்டு பக்கம் எழுதினான். மூங்கிலின் ஒரு முனையைச் சுவரில் முட்டுக்கொடுத்திருக்கிறான், இன்னொரு முனையை முழங்காலால் அழுத்தியிருக்கிறான், அப்படியும் துள்ளியதால் தங்கையைக் கூப்பிட்டு அதன்மேல் உட்கார வைத்திருக்கிறான். அவள் சிரித்ததில் மூங்கில் இரண்டு தடவை நழுவியதாம். 'மோ பா கபாவ்' அந்த இரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

கவனியுங்கள், 'உன் சோகத்தை எழுது' என்று நான் அவனிடம் ஒருபோதும் சொல்லவில்லை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிள்ளைகளிடம் துயரத்தைக் கேட்டு வாங்கக் கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம் என்று நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். தங்களை உலுக்கிய சம்பவத்தையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் குறைவாகப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்பைவிடக் கனத்துப் போயிருந்தது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்து, பலன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியது என்று காட்டின. ஆகவே எழுத்தை மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். கனத்த மனதோடு ஒரு பிள்ளை வகுப்பை விட்டுப் போகும் வாய்ப்பு உண்டு என்பதை மறக்கவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் ஒருநாளும் எழுத வைப்பதில்லை. எழுதி முடித்ததும் ஐந்து நிமிடம் கைக்கு வேலை தருவேன்: கரும்பலகை துடைப்பது, ஜன்னல் திறப்பது, வருகைப் பதிவு.

வாக்கியமே அமைக்க வராத பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குப் பட்டியல். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததே, அதற்குப் பிறகு 'நனைந்த பொருள்கள்' என்று தலைப்புக் கொடுத்தேன். மெத்தை, அரிசி, பிறப்புச் சான்றிதழ், ஒரு கால் ஷூ. ஒருத்தியின் பட்டியலில் கடைசி வரி: 'தாத்தா போட்டோ (பாதி).' அது என்ன பாதி என்று கேட்டதில் அவளுடைய முதல் முழுப் பத்தி பிறந்தது.

இனி அந்த நிபந்தனை. நோட்டுக் கொடுத்த முதல் நாளே சொல்லிவிடுவேன்: 'யாராவது உன்னைக் காயப்படுத்துவதாகவோ, நீயே உன்னைக் காயப்படுத்திக்கொள்ள நினைப்பதாகவோ எழுதினால், அதை நான் எனக்குள் வைத்துக்கொள்ள மாட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டு, உதவி செய்யக்கூடியவரிடம் போவேன்.' ரகசியம் காப்பேன் என்று முழுசாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். ஒருமுறை ஒரு பெண் மிகச் சின்ன எழுத்தில் சில வரிகள் எழுதினாள். பக்கத்தை மடிக்கவில்லை. மடிக்காமல் விட்டதே அவள் என்னிடம் கேட்ட உதவி. அன்றே அவளோடு பேசினேன், துருவிக் கேட்கவில்லை. விசாரிப்பது என் வேலையில்லை. பள்ளித் தலைமையாசிரியரான ரெக்டரிடம் போனோம், 113ஐ அழைத்தோம். அது குழந்தைகள் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுப் பிரிவின் அவசர எண். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் சட்டத்தை இந்த வேலையில் இறங்கும் ஒவ்வொரு ஆசிரியரும் முதலில் படித்துவிடுங்கள். எழுத வைப்பது அதற்குப் பிறகு.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஆரம்ப வருடத்தில் ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றி எழுதியது அவ்வளவு நன்றாக இருந்தது. பெருமை தாங்காமல், பெயர் சொல்லாமல் வகுப்பில் வாசித்துவிட்டேன். இரண்டாவது வரியிலேயே எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருடம் முழுக்க அவள் நோட்டில் தேதியும் அன்றைய வானிலையும் மட்டுமே வந்தன. மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையசைத்தாள். வானிலைதான் தொடர்ந்தது. இப்போது எதையும் வாசிப்பதற்கு முன் அனுமதி கேட்கிறேன், சரி என்று சொன்னாலும் மனம் மாற ஒரு நாள் விடுகிறேன்.

'திருத்தாவிட்டால் எப்படிக் கற்றுக்கொள்வார்கள்?' பெற்றோரும் கேட்கிறார்கள், ஆசிரியர் அறையிலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என்.சி.இ.யில் என் பிள்ளைகள் சிலர் தேறினார்கள், அதிகம் பேர் தேறவில்லை. நோட்டு எழுதியதால் மதிப்பெண் ஏறியது என்று சொன்னால் அது பொய். ஆனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூலை மாதம் ஒரு நாள் இடைவேளையில் காவடிப் பையன் ஒரு தாளோடு வந்தான். பப்பாவுக்குக் கடிதம். "மிஸ், இதுல தப்பு எல்லாம் காட்டுங்க" என்றான். நான் தயங்கினேன். "பப்பா படிப்பார், மிஸ்" என்றான். அன்று முதன்முறையாக அவன் எழுத்தில் சிவப்பு மை வைத்தேன், அவனே நீட்டிய பேனாவால். நான்கு தடவை திரும்ப எழுதினான்.

நவம்பரில் வருடம் முடியும்போது நோட்டுகளை அவர்களிடமே கொடுத்துவிடுவேன். சிலர் அங்கேயே கிழிப்பார்கள், அதற்கும் உரிமை உண்டு. அவன் தன் நோட்டைத் திரும்ப என் மேசையில் வைத்தான். "வீட்ல வைக்க இடம் இல்ல, மிஸ்." கேட்டு வரும்போது தருவதாகச் சொன்னேன். என் அலமாரியில், பூட்டுக்குள் இருக்கிறது. அவன் மடித்த பக்கங்கள் மடித்தபடியே இருக்கின்றன.