வேலிச்சண்டையோடு மத்தியஸ்த சபைக்குப் போகுமுன்

கதியால் (வேலிக்கு நடும் உயிர்க்கம்பு) மாற்றும் சாட்டில் வேலி ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது. பக்கத்து வளவு மாமரத்துச் சருகெல்லாம் எங்கள் கிணற்றுக்குள். மாரி வெள்ளம் வாய்க்காலை விட்டு முற்றத்துக்குத் திரும்புகிறது. இந்த மாதிரி முறைப்பாட்டோடு பொலிசுக்குப் போனால், "இணக்கசபைக்குப் போங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபம் வரும். ஆனால் பல பிணக்குகளுக்கு இலங்கைச் சட்டம் வைத்திருக்கும் முதற்படி அந்தச் சபையே.

இரு தரப்பையும் இருத்திப் பேசி இணங்க வைக்கும் சபை இது. ஊர்வாயில் இணக்கசபை, சட்டத்தில் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட சொத்து, கடன், நட்டப் பிணக்குகளையும், சிறுகாயம், அத்துமீறி நுழைதல், அவமதித்தல் போன்ற சிறு குற்றங்களையும் நேரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. சபை தரும் 'இணக்கமின்மைச் சான்றிதழ்' கையில் இருந்தால்தான் வழக்கை ஏற்பார்கள். அந்தத் தொகை முதலில் 25,000 ரூபா. 2011இலும் 2016இலும் திருத்தச் சட்டங்கள் அதை உயர்த்தின. இப்போதைய எல்லையை உங்கள் பகுதிச் சபையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டுக்குத்து அளவுக்குப் போன விடயம் சபைக்கு உரியதல்ல. அது பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது.

விண்ணப்பத்துக்குப் பெரிய படிவம் எதுவும் தேவையில்லை. உங்கள் பெயர், முகவரி, எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, பிணக்கு என்ன என்பதை எழுதிச் சபைத் தவிசாளரிடம் கொடுக்கலாம். எந்த இடத்தில், எந்த நாளில் கூடுகிறார்கள் என்பது பிரதேச செயலகத்திலோ கிராம சேவகரிடமோ தெரியும். பெரும்பாலும் வார இறுதியில், ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடுவார்கள். மத்தியஸ்தர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர், அதிபர் என்று பெரும்பாலும் ஊரறிந்த முகங்கள். இந்த மத்தியஸ்தர் குழுவில் இருந்து நீங்கள் ஒருவரையும் எதிர்த்தரப்பு ஒருவரையும் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். உங்கள் சார்பில் சட்டத்தரணி வந்து பேச முடியாது. நீங்களே பேச வேண்டும். கூச்சப்படுபவர்களுக்கு இது சங்கடம்தான், ஆனால் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் நேருக்கு நேர் பேசுவதற்கு வேறு இடமும் கிடைப்பதில்லை.

அங்கே சொல்வதை, சொன்னவரின் சம்மதமில்லாமல் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. ஆகவே "ஓம், கிளையை வெட்டினது நான்தான்" என்று ஒத்துக்கொள்ளப் பயப்படத் தேவையில்லை.

பலரும் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. சபை தீர்ப்புச் சொல்லாது. யார் சரி, யார் பிழை என்று மூன்று பேரும் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இரு தரப்பும் ஒத்துக்கொண்டதை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், அவ்வளவே. அப்படி எழுதிய இணக்கமும், வழக்கை நீதிமன்றமே சபைக்கு அனுப்பியிருந்தால் ஒழிய, நீதிமன்றக் கட்டளைபோல் நிறைவேற்றக்கூடிய ஒன்றல்ல.

இதனால்தான் எழுதும் வசனத்தில் கண்ணாக இருக்கச் சொல்கிறேன். "மாமரக் கிளையை வெட்டிவிடுவதாக ஒத்துக்கொண்டார்" என்று எழுதினால் அடுத்த மாரிக்கும் அதே சண்டை. "வேலிக்கு இப்பால் நீட்டி நிற்கும் கிளைகளை ஐப்பசி 15ஆம் திகதிக்கு முன் மரச் சொந்தக்காரர் தன் செலவில் வெட்டி, குப்பையை அன்றே அகற்றுவார், ஒவ்வொரு வருடமும் இப்படியே" என்று எழுதுங்கள். வேலி என்றால் எந்த எல்லைக்கல்லில் இருந்து எந்தக் கல் வரை, கதியாலும் கூலியும் யார் பொறுப்பு, நில அளவையாளர் தேவையென்றால் அவர் காசை யார் கட்டுவது என்பதெல்லாம் வர வேண்டும். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத சொல்லுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். உங்களுக்கு ஒரு பிரதி தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். போகும்போது காணி உறுதி, வரைபடம், பழைய படம் இருந்தால் அவற்றின் போட்டோகொப்பி எடுத்துப் போங்கள்.

எதிர்த்தரப்பு வரவே இல்லை, அல்லது பேச்சு முறிந்துவிட்டது என்றால் இணக்கமின்மைச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். கையெழுத்து வைத்தவர் சொன்னதைச் செய்யாவிட்டால் திரும்பவும் அதே தவிசாளரிடம் அறிவியுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் அதே சான்றிதழைப் பெறலாம்.