ஜெபத்துக்கு முந்திய அரை நிமிடம்

யாங்கூனில் ஜெப வழிகாட்டலுக்கு வரும் தமிழர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஜெபிக்கிறோம், ஆனா சுவரோட பேசுற மாதிரியே இருக்கு." விசாரித்தால், முழங்கால் போட்டதுமே விண்ணப்பம் தொடங்கிவிடுகிறது. பிள்ளையின் படிப்பு, வெளிநாட்டு வேலை, மருந்துச் செலவு. நாம் கேட்பதற்கு முன்னமே பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6:8 சொல்கிறது. எனவே பட்டியல் கொஞ்சம் காத்திருக்கலாம்.

போப் மூன்றாம் பவுல் 1548இல் அங்கீகரித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஒரு வழி தருகிறார். ஜெபிக்கும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னாலேயே நின்றுவிடுங்கள். 'எங்கள் பிதாவே' சொல்லி முடிக்கும் நேரம், ஏறக்குறைய அரை நிமிடம், ஆண்டவர் உங்களை எப்படிப் பார்க்கிறார் என்று நினையுங்கள். பிறகு வணங்கிவிட்டு உட்காருங்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கண்ணை மூடினால் கோபமான முகம் வருகிறது: கடன் கொடுத்தவர் முகம், அடித்து வளர்த்த அப்பாவின் முகம். அதை மறைக்க வேண்டாம், ஆண்டவரிடமே சொல்லுங்கள். பிறகு வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய மகனின் கதை உள்ள லூக்கா 15ஐத் திறந்து 18, 19ஆம் வசனங்களை 21ஆம் வசனத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று மூன்றை மகன் யோசித்து வைத்திருந்தான். தகப்பன் முன்னால் வாயில் வந்தது முதல் இரண்டுதான். கூலிக்காரன் பேச்சு வருவதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அதற்கும் முன்பு, 20ஆம் வசனத்தில், ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாயிற்று. இந்த நான்கைந்து வசனத்திலேயே ஒரு வாரம், தினம் 15 நிமிடம் இருங்கள். வேதத்தை வேகமாக முடிப்பதைவிட இது நல்லது.

ஆராதனையில் தமிழ், வீட்டில் பர்மிய மொழி என்று வளர்ந்த பிள்ளைகளைத் தமிழில்தான் ஜெபிக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். அழும்போது எந்த மொழி வருகிறதோ அதில் பேசட்டும். வாசிக்க, 1834இல் அமெரிக்க மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமம் இருக்கிறது.

உள்ளம் உருகவில்லையே என்று பாதியில் எழுந்துவிடுவதும் உண்டு. தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது என்று பவுல் எழுதுவது (ரோமர் 5:5) உபத்திரவத்தைப் பற்றிப் பேசும்போதுதான். உருக்கம் வராத நாளிலும் 15 நிமிடத்தை முடித்துவிட்டே எழுந்திருங்கள். கரண்ட் போனால் போன் வெளிச்சம் வேண்டாம், செய்திகள் இழுத்துக்கொண்டு போய்விடும். மெழுகுவர்த்தி போதும்.

படுக்கப்போகுமுன் ஐந்து நிமிடம். இன்று அன்பு எந்த வழியாக வந்தது என்று முதலில் தேடுங்கள். மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) கடை அக்கா கேட்காமலே ஊற்றிய ஒரு கரண்டி குழம்பாகவும் அது இருக்கலாம். நன்றி சொன்ன பிறகே, எங்கே முகம் திருப்பிக்கொண்டோம் என்று பாருங்கள். வரிசையை மாற்றினால் குற்றவுணர்ச்சியிலேயே ஐந்து நிமிடமும் போய்விடும். கிடைத்ததைத் தேதி போட்டு ஒரே வரியில் நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள்.