வருமான வரி ஆய்வு: பணக்காரர்களைக் கூடுதலாகக் கண்காணிப்பது நியாயமா?

வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்ததும் மாதச் சம்பளக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "கோடி கோடியாக வைத்திருப்பவர்களை விட்டுவிட்டு என்னையா பிடித்தார்கள்?" என்பதுதான். அந்த ஆதங்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் வந்திருப்பது வருமான வரிச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வந்த கடிதம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானோருக்கு வருவது 143(1) பிரிவுக் கடிதம். இது ஆய்வே அல்ல. நாம் தாக்கல் செய்த கணக்கை டிடிஎஸ் (பணம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படும் வரி) விவரத்தோடும் மற்ற பதிவுகளோடும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. வித்தியாசம் இருந்தால் திருத்தப் போவதாகச் சொல்லி 30 நாள் அவகாசம் தருகிறது. பதில் போடாமல் விட்டால் திருத்தம் அப்படியே நடந்துவிடும், அவ்வளவுதான்.

உண்மையான ஆய்வு 143(2) பிரிவில் தொடங்குகிறது. கணக்கு தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் இந்த நோட்டீஸ் வந்தாக வேண்டும். 2025 ஜூலையில் தாக்கல் செய்திருந்தால் கடைசி நாள் 2026 ஜூன் 30. இதற்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பெரும்பாலும் கணினியே முடிவு செய்கிறது. அதற்கான தகவல் பல இடங்களிலிருந்து வருகிறது. சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் போட்டால் வங்கி தெரிவிக்கும். 30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்து கைமாறினால் சார்பதிவாளர் அலுவலகம் தெரிவிக்கும். இந்த 30 லட்சம் வரம்பு எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னைப் புறநகரில் கடன் வாங்கி ஒரு ஃபிளாட் வாங்குபவரே இன்று அதைத் தாண்டிவிடுவார்.

பழைய ஆண்டின் கணக்கைத் திரும்பத் திறப்பது 148 பிரிவு. பணத்தின் அளவைப் பொறுத்துச் சட்டம் வெளிப்படையாகவே வேறுபாடு காட்டுவது இங்கேதான். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரை யாருக்கும் நோட்டீஸ் அனுப்பலாம். கணக்கில் வராமல் தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் மட்டும் 5 ஆண்டு 3 மாதம் வரை போகலாம். 2024 செப்டம்பருக்கு முன்பு இப்படிப்பட்ட பெரிய தொகைக்கு 10 ஆண்டு வரை அவகாசம் இருந்தது. அதைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிட்டார்கள். வழக்குகள் இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்பது சரி. ஆனால் பல நிறுவனங்கள், பல பெயர்கள் வழியாகச் சுற்றி வரும் பணத்தின் தடத்தைப் பிடிக்கவே சில ஆண்டுகள் ஆகிவிடும். பெரிய தொகைக்காவது பழைய காலத்தை விட்டுவைத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, பணம் அதிகம் இருப்பதாலேயே ஒருவரைச் சந்தேகிக்கலாமா? கூடாது. ஆனால் வெவ்வேறு இருவருடைய வருமானம் துறையின் கண்ணில் எப்படிப் படுகிறது என்று பாருங்கள். ஓர் ஆசிரியையின் சம்பளம் அவர் கைக்கு வருவதற்கு முன்பே வரி பிடிக்கப்பட்டு, அவர் பான் எண்ணில் பதிவாகிவிடுகிறது. அவர் மறைக்க நினைத்தாலும் மறைக்க வழியில்லை. ரொக்கத்தில் பெரிய வியாபாரம் செய்பவரின் வருமானத்தில் பெரும்பகுதி, அவராகச் சொன்னால்தான் தெரியும். ஆசிரியையின் கணக்கு ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட கணக்கு. மற்றவருடையதை யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் இருவரும் ஒரே நிலைக்கு வருகிறார்கள். அதனால் இதைத் தண்டனை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதே நோக்கத்தில் வருமான வரிப் படிவத்தில் சொத்து, கடன் அட்டவணை ஒன்று இருக்கிறது. மொத்த வருமானம் 1 கோடியைத் தாண்டுபவர்கள் நிலம், வீடு, நகை, வாகனம், பங்குகள், கையிருப்பு ரொக்கம் எல்லாவற்றையும் அதில் காட்ட வேண்டும். முன்பு இந்த வரம்பு 50 லட்சம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து உயர்த்தினார்கள். வருமானத்துக்கும் சொத்துக்கும் பொருந்தாத இடம் இதில்தான் சட்டென்று தெரியும்.

கூடுதல் ஆய்வு நியாயமாக நடக்க வேண்டுமென்றால், யாரைப் பார்ப்பது என்பது அதிகாரியின் விருப்பு வெறுப்பைப் பொறுத்து இருக்கக் கூடாது. முகமறியா மதிப்பீட்டு முறை 2020 ஆகஸ்ட் 13 முதல் விரிவாக்கப்பட்டது இதற்காகத்தான். பெரும்பாலான வழக்குகளில் அதிகாரி யார் என்று நமக்குத் தெரியாது. கேள்வியும் பதிலும் இணையதளம் வழியாகவே போகும்.

உங்களுக்கு நோட்டீஸ் வந்தால், அது உண்மையானதா என்று முதலில் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். வருமான வரி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தாலே தெரிந்துவிடும். அப்புறம் அங்கேயே ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, உங்கள் பெயரில் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தவறான பதிவு இருந்தால் அதே பக்கத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குக்கு மேலே சொன்ன எண்களே பொருந்தும்.