குயின்ஸ்லாந்தின் முதலை விதிகள்: அரசு கருத்துக் கேட்டால் என்ன எழுதுவது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முதலை பற்றிய விதிகளை மாற்றும் பேச்சு வந்தாலே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு தரப்பு "எல்லாவற்றையும் பிடித்து அப்புறப்படுத்துங்கள்" என்னும். இன்னொரு தரப்பு "ஆறு அதன் வீடு, தொடாதீர்கள்" என்னும். முடிவெடுக்கும் முன் பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு. வேலைக்கும் படிப்புக்கும் கெய்ர்ன்ஸ், டவுன்ஸ்வில் பக்கம் போய்க் குடியேறும் நம்மவர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. குடியுரிமை இருந்தால்தான் எழுத முடியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

முதலில் நிலவரம். உவர்நீர் முதலை இந்த மாநிலத்தில் தோலுக்காகக் கண்மண் தெரியாமல் வேட்டையாடப்பட்டது. 1974-இல் பாதுகாப்புக் கிடைத்த பிறகுதான் மெல்ல மீண்டது. இன்று குஞ்சுகளைச் சேர்க்காமல் 20,000 முதல் 30,000 வரை இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. சட்டப்படி அது இன்னும் அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனம்தான். கிளாட்ஸ்டன் அருகே ஓடும் பாய்ன் ஆற்றிலிருந்து வடக்கே முழுவதும் முதலை நாடு என்று கணக்கு. மாநிலம் ஆறு வகை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மக்கள் நெருக்கமாகப் புழங்கும் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட முதலை எந்த வம்பும் செய்யாவிட்டாலும் பிடிக்கப்படும். மற்றப் பல இடங்களில் ஆபத்தாக நடந்துகொள்ளும் முதலையை மட்டுமே பிடிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டை மாற்றும் யோசனை இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, சுற்றுச்சூழல் துறை விதிகளில் திருத்தம் கொண்டுவருவது. இன்னொன்று, மாநில நாடாளுமன்றத்தில் மசோதா. குயின்ஸ்லாந்தில் மேலவை கிடையாது, 1922-லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் மசோதாவை வரிவரியாக அலசும் வேலை பெரும்பாலும் உறுப்பினர் குழுக்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் எழுதி அனுப்பும் கருத்துக்கு மதிப்பு வருவதும் அங்கேதான்.

துறை வழியாக வந்ததற்கு உதாரணம் 2024-இல் நடைமுறைக்கு வந்த விதிகள். நீரைவிட்டு வெளியே கிடக்கும் முதலையின் அருகே வேண்டுமென்றே நின்றுகொண்டிருப்பது குற்றம். படகுத்துறை, முகாம் போன்ற இடங்களில் மீன் கழிவையும் சாப்பாட்டு மிச்சத்தையும் போட்டுவிட்டுப் போவதும் குற்றம். என்னைக் கேட்டால் இரண்டாவது விதிதான் முக்கியம். மீன் பிடித்து வந்தவர் படகுத்துறையிலேயே மீனை அறுத்து, தலையையும் குடலையும் தண்ணீரில் வீசுகிறார். நாலு நாள் இப்படி நடந்தால் முதலை அந்த இடத்தையும் நேரத்தையும் பழகிக்கொண்டு வந்து காத்திருக்கும். ஐந்தாம் நாள் கால் நனைக்க இறங்குவது வேறொருவர் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் குக்டவுன் அருகே அன்னான் ஆற்றில் ஒரு சுற்றுலாப் பயணி பலியானபோது, அந்தப் பகுதியில் முதலைகளுக்குத் தீனி போடும் பழக்கம் இருப்பதாக உள்ளூர்க்காரர்கள் குறைபட்டார்கள். அவரைத் தாக்கிய 4.9 மீட்டர் நீள முதலையும் கொல்லப்பட்டது.

மசோதா வழிக்கு உதாரணம், காட்டர் ஆஸ்திரேலியக் கட்சியின் உறுப்பினர் ஷேன் நூத் 2018-லும் 2024-லும் கொண்டுவந்தவை. கெய்ர்ன்ஸில் தனி முதலை ஆணையம் வேண்டும், மக்கள் புழங்கும் நீர்நிலைகளில் ஒரு முதலையும் இருக்கக்கூடாது, தேவைப்பட்டால் கொல்லலாம் என்பது அவற்றின் சாரம். அந்த இரண்டும் சட்டமாகவில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பயம் உண்மையானது. தாங்கள் சிறுவயதில் நீந்திய கடற்கரையில் இன்று பிள்ளைகளை இறக்க முடியவில்லை என்று சொல்பவரை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது.

இருந்தாலும் கொன்று தீர்ப்பதால் ஆறு பாதுகாப்பாகிவிடாது என்றே நினைக்கிறேன். பெரிய முதலை போன இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். வேறு எங்காவது கொண்டுபோய் விடுவதும் பலிக்கவில்லை. கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பிடித்துக் கிழக்குக் கரையில் விடப்பட்ட ஒரு முதலை, முனையைச் சுற்றி 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி 20 நாளில் பழைய ஆற்றுக்கே திரும்பியதை 2007-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பிடிக்கப்படும் முதலைகளைப் பண்ணைக்கோ உயிரியல் பூங்காவுக்கோ அனுப்புவது இதனால்தான்.

சரி, எழுதுவது எப்படி? பக்கம் பக்கமாக வேண்டாம். எந்த விதி, அதில் எந்தப் பகுதி என்று முதலிலேயே குறிப்பிடுங்கள். ஆதரவா எதிர்ப்பா, ஏன் என்று சொல்லுங்கள். அப்புறம் உங்களுக்குத் தெரிந்த இடத்தைப் பற்றி எழுதுங்கள். எந்தப் படகுத்துறையில் குப்பைத்தொட்டி இல்லை, எங்கே எச்சரிக்கைப் பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, இரவில் எங்கே விளக்கு எரியவில்லை என்பவை அதிகாரிகளின் மேசைக்குத் தானாக வந்து சேராத விவரங்கள். யாரோ தயாரித்த ஒரே கடிதத்தில் நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, சொந்த வார்த்தையில் எழுதிய அரைப்பக்கம் மேல். எளிய ஆங்கிலமே போதும், இலக்கணத்துக்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பினால் பெயரும் தொடர்பு விவரமும் கேட்பார்கள். குழு ஏற்றுக்கொண்ட கருத்துகள் பொதுவாக வெளியிடப்படும். பெயர் வெளியே வர வேண்டாம் என்றால் அனுப்பும்போதே ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கடைசித் தேதியைத் தவறவிட வேண்டாம். அவகாசம் சில வாரங்கள்தான் இருக்கும்.

முதலையைக் கண்ணால் பார்த்துவிட்டால் கருத்துக் கேட்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாநில அரசின் 'கியூவைல்ட்லைஃப்' செயலியில் உடனே தெரிவியுங்கள், அதிகாரிகள் வந்து விசாரிப்பார்கள். மீன் பிடிக்கும்போது தண்ணீரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கூடாரம் அடித்தால் நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, ஓதம் ஏறும் மட்டத்துக்கு இரண்டு மீட்டராவது மேலே அடியுங்கள்.